முட்டைக் குழியில் சொட்டு மருந்து

அப்பமும் திராட்சரசக் கிண்ணங்களும் அடுக்கிய திருவிருந்துத் தட்டு தன் முன்னால் வந்தபோது, ஊரெல்லாம் பிரீமியம் என்று கூப்பிடுகிற மனிதர் எதையும் எடுக்காமல் பக்கத்து ஆள் பக்கம் நகர்த்திவிட்டார். அந்தச் சபையில் இது சாதாரண விஷயம் இல்லை. பிரசங்கம் முழுக்கத் தூங்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். காணிக்கைப் பை வரும்போது கண்ணை மூடி ஜெபத்தில் ஆழ்ந்துவிடலாம், அதற்கும் ஒரு மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சின்னக் கிண்ணத்தை எடுக்காமல் விட்டால், ஆள் என்ன பாவம் செய்தார் என்று ஆராதனை முடிவதற்குள் நாலு விதமான கதை தயாராகிவிடும். தட்டேந்தி வந்த மூப்பர், கவனிக்கவில்லையோ என்று இன்னொரு முறை நீட்டினார். பிரீமியம் வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

அவருடைய தொழில் ஆயுள் காப்பீடு விற்பது. பட்டப்பெயர் அதனால் வந்தது. நாளைக்கு என்ன ஆகுமோ என்று திங்கள் முதல் சனி வரை ஊரைப் பயமுறுத்திவிட்டு, நாளையெல்லாம் கர்த்தர் கையில் என்று ஞாயிற்றுக்கிழமை உரக்கப் பாடுகிறவர். இரண்டுக்கும் ஒரே குரல்தான். பாலிசி எடுக்க வருகிறவர்களிடம் தவறாமல் ஒன்று சொல்வார்: இருக்கிற நோயை மறைக்காதீர்கள், பின்னால் ஒன்றும் தேறாது.

அவர் மனைவிக்குக் கண்ணில் அழுத்தம். ஆயுசுக்கும் போட வேண்டியது என்று சொல்லித்தான் கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருந்தார். ஒரு பரிசோதனையில் அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. மருந்து வேலை செய்கிறது, விட்டுவிடாதீர்கள் என்றார். அந்த ஞாயிறு, கர்த்தர் செய்த நன்மைகளை அவரவர் மைக்கில் சொல்லும் சாட்சி நேரத்தில் பிரீமியம் எழுந்தார். பெஞ்சிலிருந்து கிளம்பும்போது அவரிடம் இருந்தது 'கொஞ்சம் இறங்கியிருக்கிறது' என்ற செய்திதான். நடந்து போகிற வழியில் அது 'டாக்டரே அசந்துபோனார்' என்று வளர்ந்தது. மைக்கைப் பிடித்ததும் பூரண சுகம் ஆகிவிட்டது. சபை கைதட்டித் தீர்த்தது. கீபோர்டுக்காரர் அடியில் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு வரவேற்பு கிடைத்த சாட்சியை யார்தான் பாதியில் திருத்துவார்கள்?

மறுநாளிலிருந்து மனைவி மருந்து போடுவதை நிறுத்திவிட்டாள்.

பிரீமியத்துக்கு இது தெரியும். மருந்துப் புட்டி ஃபிரிட்ஜ் கதவில், முட்டை வைக்கிற குழிகளில் கடைசிக் குழியில் நின்றது. தண்ணீர் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது. முட்டைகள் வந்தன, போயின; புட்டி மட்டும் அசையவில்லை. மருந்தைப் போடு என்று சொன்னால் தன் சாட்சி பொய் என்று ஆகிவிடும். தண்ணீரைக் குடித்துவிட்டுக் கதவைச் சாத்துவார்.

பல மாதங்கள் போன பிறகு அவள் இடது பக்கம் இருந்த டம்ளர்களைத் தட்டிவிட ஆரம்பித்தாள். கதவு நிலையில் இடித்துத் தோள் கன்றிப்போனது. போன வாரம் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: இடது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம், அதுவும் மருந்தை விடாமல் போட்டால். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். மனைவி மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தாள். பிரீமியம் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தை, நாளைக்குப் பரீட்சை என்பது போல உன்னிப்பாகப் படித்தார்.

இன்று திருவிருந்துக்கு முன் பாஸ்டர் வழக்கம்போல், அவரவர் தங்களை ஆராய்ந்து பாருங்கள் என்று சொல்லிக் கொஞ்ச நேரம் மௌனம் கொடுத்தார். அந்த நேரத்தில் பிரீமியம் மற்றவர்களை ஆராய்ந்து பார்ப்பதுதான் வழக்கம். இன்று கண்ணை மூடியதும் ஃபிரிட்ஜ் கதவு திறந்துகொண்டது.

சாட்சி நேரத்தில் அவர் எழுந்தார். தட்டைத் தள்ளிவிட்டவர் என்ன சொல்லப்போகிறார் என்று சபையே நிமிர்ந்தது.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்," என்றார். "டாக்டர் மருந்த விடாம போடச் சொன்னார். நான் சுகமாயிடுச்சுன்னுட்டேன். என் பேச்ச நம்பி இவ நிறுத்திட்டா. ஒரு பக்கம் பார்வை போயிடுச்சு."

பின்வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் அல்லேலூயா என்றார். அதைத் திரும்ப வாங்க வழி தெரியாமல் இருமினார். கீபோர்டுக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார். பாஸ்டர் வந்து தோளைத் தொட்டு, மைக்கை வாங்கிக்கொண்டார்.

வீடு வரை தூறல். மனைவி உள்ளே வந்து, சமையலறை விளக்கைப் போட்டாள்.

"மைக்கப் புடிச்சாத்தான் உங்களுக்குப் பேச்சே வருமா?"

பிரீமியம் நனைந்த பைபிளை மேஜையில் வைத்தார்.

"பொய்யும் மைக்குல, உண்மையும் மைக்குல. நான் இங்கதானே இருக்கேன்? ஃபிரிட்ஜத் தொறக்குறப்பல்லாம் அந்தப் புட்டியப் பாத்தீங்க, எனக்குத் தெரியும். ஏன் போடலன்னு ஒரு வார்த்த கேப்பீங்கன்னு இருந்தேன். கேக்கல. சரி, மனுஷனுக்கு அவ்ளோ விசுவாசம் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

சபையில் சொன்னது பாதிதான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பொய்யைப் பற்றிச் சொல்லியிருந்தார், புட்டியைப் பற்றிச் சொல்லவில்லை.

"பாத்தேன்," என்றார். "தெனமும் பாத்தேன். என் பேரு கெட்டுடும்னு வாய மூடிக்கிட்டேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள அவருக்குத் துணிச்சல் வரவில்லை. மருந்து போடும் நேரம், அவ்வளவுதான். போன வாரம் வாங்கிய புதுப் புட்டியை அதே குழியிலிருந்து எடுத்து வந்தார். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவதுதான் கண்ணுக்குள் போனது.

"இருக்குறதும் போயிடுமாங்க?"

இந்த மாதிரிக் கேள்விக்கு, ஒன்றும் ஆகாது, நான் இருக்கிறேன் என்று அவரிடம் தயாராக ஒரு பதில் உண்டு. ஊரில் பாதிப் பேர் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார்.

"தெரியல," என்றார்.

பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். அவர் ஜெபம் ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும் என்று சபையில் ஒரு பேச்சு உண்டு. இன்று அவ்வளவு சரக்கு இல்லை.

"ஆண்டவரே, எங்களுக்கு ஒண்ணும் தெரியல. மருந்த நாங்க போடுறோம். மிச்சத்த நீங்க பாத்துக்கங்க. எழுதித் தர வேணாம்."

ஆமென் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அவள் கண்ணைத் திறந்து, ஈரம் வழிய, நேர் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கம் இருந்தா ஆள் இருக்குறதே தெரியல," என்றாள். "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

பிரீமியம் எழுந்தார். நாற்காலியைச் சுற்றிப் போய், அவளுடைய வலது பக்கத்தில் மண்டியிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.