மூடிய கதவு

கிடங்கின் பேட்டரி அறைக் கதவைத் திறந்தேன். மாப்பிள்ளை சார்ஜர் கிளிப்பைக் கையில் பிடித்திருந்தான். என் தங்கையின் கணவன். என்னோடு வேலை பார்ப்பவன். சரக்கு தூக்கும் வண்டிகளின் பதினெட்டு பேட்டரிகள் சனிக்கிழமையிலிருந்து சார்ஜில் இருந்தன. இன்று திங்கள் காலை.

"பொறி வருதான்னு பாக்கறேன் மச்சான்."

கிளிப்பை பேட்டரி முனையில் உரசிப் பொறி வந்தால் சார்ஜ் ஏறுகிறது. மீட்டர் எடுக்கச் சோம்பல்படும் எல்லோரும் செய்வதுதான். நானும் செய்திருக்கிறேன்.

கூரையடியில் காற்றுப்போக்கியை அட்டை வைத்து அடைத்திருந்தது. மழைச் சாரல் அடிக்கிறதென்று சனிக்கிழமை நான் வைத்தது. எடுக்க மறந்துபோனேன்.

இரண்டு நாளாகப் பேட்டரிகளுக்குள் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துகொண்டிருந்தது. நிறமில்லை, வாசனையில்லை. நூறு பங்கு காற்றில் நான்கு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றும். இங்கே எவ்வளவு என்று யாருக்குத் தெரியும். ஒரு பொறி பட்டால் இரண்டும் மறுபடி தண்ணீராகிவிடும். அறை இருக்காது.

"அசையாத."

"ஏன், பாம்பா?"

"பாம்புன்னா ஓடச் சொல்லிருப்பேன். கேஸ் மாப்ள. மேல பாரு."

பார்த்தான். சிரிப்பு நின்றது. கிளிப்பின் பற்கள் பாதி விரிந்து, ஒரு ஓரம் மட்டும் முனையைத் தொட்டிருந்தது. எடுத்தாலும் பொறி வரும், விட்டாலும் வரலாம்.

"கை வேர்க்குது மச்சான்."

"எடுக்காத, விடாத. மெயினை அணைச்சிட்டு வர்றேன்."

"எனக்கு ஏதாச்சும்னா உன் தங்கச்சிக்கு நீதான் பதில் சொல்லணும்."

"நீயே சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்க."

மெயின் ஸ்விட்ச் வெளியே நடையின் கடைசியில். அதிலும் பொறி வரும். கதவைத் திறந்து வைத்தால் வாயு ஸ்விட்ச் வரை வந்துவிடும். மூடினேன். மூடும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

நாற்பது அடி. ஓடினேன். நெம்புகோலைக் கீழே இழுத்தேன். சார்ஜர்களின் இரைச்சல் நின்றது. தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வெடிக்கவில்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்தேன்.

"கரண்ட் போச்சு. இப்ப விடலாம்."

அவன் விடவில்லை. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. பக்கத்தில் போய் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கட்டைவிரல்தான் வரவே இல்லை.

"கதவ மூடினியே," என்றான்.

"ஆமா."

"என்னைய உள்ள வச்சு மூடினியே."

கட்டைவிரலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.