மதில் மேல் தயிர்

தேவராஜ மொஹல்லாவில் பாப்பம்மாள் குடியிருந்தபோது, உறை ஊற்றத் தயிர் இல்லாமல் போவது ஒரு குறையே அல்ல. ஒரு குழாயைச் சுற்றி வரிசையாக வீடுகள். கிண்ணத்தோடு ஒரு வீட்டுக்குப் போனால், போன காரியத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிவிட்டுத் திரும்பலாம்.

ஊருக்கு வெளியே, புது லேஅவுட்டில் சொந்த வீடு கட்டி வந்த பிறகு, வீட்டுக்கு வீடு தனிக் குழாய், தனி மதில், தனி கேட். யாருக்கும் யாரிடமும் கேட்க எதுவும் இல்லை. கணவன் காளியப்பன் பாக்டரிக்குப் போனதும் தெரு அப்படியே அடங்கிவிடும். அவன் திரும்பி வரும்வரை அவள் வாய் திறக்காத நாட்கள் உண்டு.

அன்று காலை, இருந்த தயிர் முழுவதையும் கடைந்து அவனுக்கு ஊற்றினாள்.

"என்ன புள்ள, சொம்பு நெறைய ஊத்தற? எனக்குத் தெரியாம மாடு கீடு வாங்கிட்டயா?"

"வெயிலுக்கு நல்லதுங்க. குடிங்க."

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு காரணம். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் தேவம்மா கன்னடக்காரி, ஏதோ ஆபீஸில் வேலை செய்கிறவள். பார்த்தால் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே பூட்டைத் திறந்து உள்ளே போய்விடுவாள். சும்மா பேச வந்தேன் என்று வெறுங்கையோடு போய் நிற்கப் பாப்பம்மாளுக்குக் கூச்சம்.

சாயங்காலம் பக்கத்து வீட்டில் லைட் எரிந்ததும் கிண்ணத்தோடு போனாள்.

"அக்கா, ஒறைக்குத் துளி தயிர் இருக்குங்களா?"

தேவம்மா கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே சாமி படத்தின் முன் எரிந்த விளக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"அய்யோ, தீபம் வெச்சாச்சல்லா அக்கா! இப்ப மொசரு கொடுத்தா லட்சுமியே போயிருவா. எங்கம்மா கேட்டா சும்மா விடமாட்டாங்க."

பாப்பம்மாளுக்கு முகம் சுட்டது. விளக்கு வைத்த பின் தயிரோ உப்போ அவளும் யாருக்கும் கொடுத்ததில்லை, கேட்டதுமில்லை. இந்த வீட்டில் லைட் எரிவதற்காகவே பகல் முழுக்கக் காத்திருந்ததில் அது நினைவுக்கே வரவில்லை.

"ஆமாங்க. எனக்குத்தான் புத்தியில்ல."

உள்ளே வாங்க என்று சொல்லக்கூடும் என நின்றாள். குக்கர் கூப்பிட்டது.

"காலைல தர்றேன், ஆயித்தா?" என்றபடி தேவம்மா உள்ளே ஓடினாள்.

மறுநாள் பாப்பம்மாள் விடிந்ததுமே குளித்து, பெட்டியில் இருந்த சேலை ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு போனாள். தேவம்மா அன்று முன்னதாகவே வேலைக்குக் கிளம்பிவிட்டாள் போலிருந்தது; வீடு பூட்டியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த மதிலின் மேல் ஒரு எவர்சில்வர் டப்பா. பூனை தள்ளிவிடாதபடி மூடிமேல் கல். திறந்தாள். உறைக்குக் கேட்டதற்கு, ஒரு வேளைச் சோற்றுக்கே போதும் அளவு கெட்டித் தயிர். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பூட்டைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது காளியப்பன் வேலைக்குக் கிளம்பினான்.

"அந்த மதிலு மேலயே வெச்சிரு. அவிங்களே எடுத்துக்குவாங்க."

"வெறும் டப்பாவ எப்படிங்க குடுக்கறது?"

"அப்ப, சக்கரை போட்டு வையி. இதுக்கொரு பஞ்சாயத்தா?"

அவன் போன பிறகு டப்பாவை ஈரம் போகத் துடைத்து, சர்க்கரை நிரப்பி, அடுக்களை அலமாரியில் தன் பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

சாயங்காலம் பக்கத்து கேட் திறக்கும் ஓசை கேட்டது. பாப்பம்மாள் வாசல் கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்தாள். மதில் மேல் டப்பா இல்லை. வேண்டுமென்றால் கேட்டுக்கொண்டு இங்கேதான் வர வேண்டும்.