புகைக்காரியும் மரக்காரியும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. என்னுடையதல்ல, என் தோழியுடையது. (பொய். பாதி என்னுடையதும்தான். அவள் வாயால் சொன்னபோது இருந்த சூடு என் எழுத்தில் வரவே மாட்டேன் என்கிறது.)

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'மலையில் பிறந்து கடலில் சேரும் அந்த ஆற்றுக்கு...' வேண்டாம். ஆறு இருக்கட்டும், ஆட்களைப் பார்ப்போம்.

2

என் தோழிதான் அக்கா. அவளுக்கும் தங்கைக்கும் ஒரே அலுவலகம். மலையிலிருந்து கடல்வரை ஆற்றுப்படுகை முழுவதும் சுற்றுலாவால் எவ்வளவு கார்பன் காற்றில் கலக்கிறது, அதில் எவ்வளவைக் காடுகள் உறிஞ்சிக்கொள்கின்றன என்று கணக்கெடுப்பது வேலை.

அக்காவின் பங்கு புகை: பேருந்துகள், வேன்கள், விடுதி ஜெனரேட்டர்கள். விடுதி மேலாளர்கள் அவள் தலையைக் கண்டாலே கதவைச் சாத்துவார்கள். தங்கையின் பங்கு மரம். டேப்பைச் சுற்றி அடிமரம் அளப்பாள். வனக்காவலர்கள் தேன் கொடுத்தனுப்புவார்கள். அலுவலகத்தில் ஒருத்தி புகைக்காரி, இன்னொருத்தி மரக்காரி.

தங்கையின் பச்சை வரைபடத்தைச் சட்டம் போட்டுக் கூட்ட அறையில் மாட்டினார்கள். அக்காவின் சிவப்பு வரைபடத்தை, பிரிண்டர் ஆடாமலிருக்க, யாரோ மடித்து அடியில் வைத்திருந்தார்கள்.

3

அனுமதிக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அக்கா தங்கையின் அட்டவணையைப் புரட்டினாள். மேல்படுகையில் ஒரு மூங்கில் காடு இரண்டு தடவை சேர்ந்திருந்தது. அந்தக் கணக்கை நம்பித்தான் மலையில் பதினோரு புது விடுதிகளுக்கு அனுமதி கொடுக்கப் போகிறார்கள்.

"என்னக்கா அப்படிப் பாக்கற? ஏதாவது தப்பா?"

"ஒண்ணுமில்லடி. நல்லாத்தான் பண்ணியிருக்க."

(இங்கே அவளை நல்லவளாக்க முயன்றேன். அன்று அவளுக்குத் தலைவலி என்றுகூட எழுதிப் பார்த்து, அடித்துவிட்டேன். எல்லார் முன்னாலும் தங்கையின் முகம் தொங்குவதைப் பார்க்க ஆசை. அவ்வளவுதான்.)

4

கூட்டத்தன்று அக்கா அந்த மூங்கில் காட்டைப் பற்றிய கேள்வியைத் தாளில் எழுதிக் கையிலேயே வைத்திருந்தாள். இயக்குநர் அனுமதிப் பட்டியலை எடுத்தார். அக்கா எழுந்திருப்பதற்குள் தங்கை எழுந்துவிட்டாள்.

"மன்னிச்சிடுங்க சார். ஒரு மூங்கில் காட்டை ரெண்டு தடவை கூட்டிட்டேன். இத்தனை விடுதியோட புகையைக் காடு தாங்காது. அக்கா கணக்கைப் பக்கத்துல வச்சுப் பாத்தப்பதான் பிடிபட்டுச்சு."

விடுதிகளுக்கான அனுமதி நின்றது. அறையே கைதட்டியது. அக்காவும் தட்டினாள், உள்ளங்கை எரிய. இத்தனை நாள் தங்கையின் மரங்களைப் பார்த்துப் புழுங்கியவள், இப்போது அவள் தப்பை ஒத்துக்கொண்ட அழகைப் பார்த்தும் புழுங்கினாள்.

5

வீட்டுக்கு ஒரே ஸ்கூட்டர். சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து தங்கை கேட்டாள்:

"அன்னிக்கே உனக்குத் தெரியும்தானேக்கா?"

தோழி சொன்னது இதுவரைதான். நீ என்ன சொன்னே என்று கேட்டேன். "எழுதறவ நீதானே, எழுதிக்கோ" என்று எழுந்து போய்விட்டாள்.

'ஆமா' என்று எழுதினால் அவளும் தங்கையைப் போல ஆகிவிடுகிறாள். அவ்வளவு சுலபமாக அவளை விட்டுவிட எனக்கு மனமில்லை. 'இல்லடி' என்று எழுதினால் நானே அவளுக்காகப் பொய் சொல்வது போல...

இனி உங்கள் பாடு. சிக்னல் பச்சையாகிவிட்டது, பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள், அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. உங்களுக்கும் ஒரு தங்கை இருந்தால், சீக்கிரம் சொல்லுங்கள்.