ரெண்டு கேன் பழைய ஆயில்

உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் ஹாரிஸின் கடை இருக்கிறது. ஆயில் மாற்றுவது, பஞ்சர் ஒட்டுவது, பிரேக் சரி பார்ப்பது என்று நாள் முழுக்க வேலை இருக்கும். வயது முப்பத்தொன்று. தன் புருஷனுக்கு இரண்டு பைத்தியம் என்று மாஹிரா யாரிடம் வேண்டுமானாலும் சொல்வாள். ஒன்று கார் ரேஸ், இன்னொன்று மாயாஜாலப் படம்.

கோடையில் ஏரி வற்றி மண் பாளம் பாளமாக வெடித்ததும் சுற்றுவட்டாரத்து மெக்கானிக்குகளும் டிரைவர்களும் சேர்ந்து ஏரிக்குள் ரேஸ் விடுவார்கள். ஓட்டை உடைசல் கார்களை வாங்கிக் கண்ணாடியைக் கழற்றிப் போட்டு, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு வெல்டு அடித்து, சுண்ணாம்புக் கோட்டைச் சுற்றிப் பத்து ரவுண்டு. ஹாரிஸ் விடிந்ததும் போய்க் கரைமேல் வேலிக்காத்தான் நிழலில் இடம் பிடித்துவிடுவான். புழுதிக்குள் வருவது யார் வண்டி என்று அவன் காது சொல்லிவிடும். வளைவில் பின்சக்கரம் வழுக்கி மண்ணை வாரி இறைக்கும்போது அவன் கால் தானாகத் தரையை மிதிக்கும். திரும்பி வரும்போது மூக்கு, காது, பல்லிடுக்கு எல்லாம் மண்ணாக இருக்கும். அன்றைக்கு அவனைப் போல சந்தோஷமான ஆளை அந்தத் தாலுக்காவில் பார்க்க முடியாது.

படம் என்றால் பறக்கும் குதிரை, பேசும் மலை, பாதாளக் குகை இதெல்லாம் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து நேராக தியேட்டருக்குப் போவான். கடைசிச் சண்டையில் அரக்கர் படை கும்பல் கும்பலாக விழும்போது முதல் விசில் அவனுடையதுதான்.

ஏரி ரேஸில் ஐந்து வருஷமாக ஜெயித்துக்கொண்டிருந்தவன் பழையசீவரத்து பீட்டர். சிவப்பு வண்டி. பந்தயம் முடிந்ததும் கூரை மேல் ஏறி நின்று சட்டையைச் சுழற்றுவான். அப்படி நிற்கிற போட்டோ ஒன்றை ஹாரிஸ் கடையில் டியூப் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தான். பீட்டரிடம் அவன் பேசியது மொத்தம் நாலைந்து தடவைதான்.

போன வருஷம் பங்குனியில் பீட்டரே கடைக்கு வந்தான். சென்னையிலிருந்து ஒரு படக் கம்பெனி திருமுக்கூடல் பக்கம் ஆற்று மணலில் மாயாஜாலப் படம் எடுக்கப்போகிறதாம். பன்றி முகம் வைத்த ரதம் ஒன்று அரக்கர்களைத் துரத்துகிற காட்சியாம். ரதத்துக்கு உள்ளே இருக்கப்போவது அவனுடைய சிவப்பு கார்தானாம். பலகையும் தெர்மாகோலும் வைத்து மூடிவிடுவார்களாம், ஓட்டப்போவதும் அவன்தானாம்.

"நீ என் கூட இரு ஹாரிஸ். மணல்ல வண்டி மக்கர் பண்ணா உன்ன வுட்டா வேற யாரு கீறாங்க?" என்றான்.

அன்று ஹாரிஸ் வீட்டுக்குப் போய் மாஹிராவிடம் இதை மூன்று முறை சொன்னான். இரண்டு பைத்தியமும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது, இனி உங்களைப் பிடிக்க முடியாது என்று அவள் சிரித்தாள்.

ஷூட்டிங் அன்று காலை ஆறு மணிக்கே ஹாரிஸ் டூல்ஸ் பெட்டியோடு ஆற்றுக்குள் இருந்தான். ரதம் உண்மையிலேயே மிரட்டலாக இருந்தது. இரண்டு தந்தம், சிவப்புக் கண், பின்னால் கொடி. அவன் அதை இரண்டு தரம் சுற்றி வந்தான். கொஞ்ச நேரத்தில் மினி லாரி ஒன்றில் நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். இவர்கள்தான் அரக்கர்கள் என்று மேனேஜர் சொன்னார்.

ஹாரிஸுக்கு அவர்களில் பாதிப் பேரைத் தெரியும். கரையோரத்து இருளர் குடியிருப்பு ஜனங்கள். வேலிக்காத்தான் வெட்டவும், அறுப்புக்கும், ரைஸ் மில்லுக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். ரங்கனும் அவன் மனைவி அங்கம்மாளும் இருந்தார்கள். ரங்கனின் மொபெட் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஹாரிஸ் கடைக்குத்தான் வரும். ஆண்களுக்கு இடுப்பில் சாக்குத் துணி, தலையில் கொம்பு. பெண்களுக்குக் கிழிந்த கறுப்புச் சேலை, சடை முடி. இடுப்பில் சாக்கோடு நின்ற ரங்கன் ஹாரிஸைப் பார்த்துக் கூச்சமாகச் சிரித்தான். ஹாரிஸும் சிரித்தான். அந்த நேரத்தில் அவனுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

மேக்கப்காரர் கறுப்புப் பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பூசினார். வெயில் ஏறியதும் அது காய்ந்து சாம்பல் நிறமாக உதிர ஆரம்பித்தது. அரக்கன் மாதிரியே இல்லை, செங்கல் சூளையிலிருந்து வந்த மாதிரி இருக்கிறது என்று டைரக்டர் கத்தினார். மினுமினு என்று இருக்க வேண்டுமாம். மேனேஜர் கையைப் பிசைந்தார். அப்போது பீட்டர்தான் சொன்னான்.

"ஹாரிஸ் கடைல வேஸ்ட் ஆயில் டிரம் டிரம்மா கீது சார். பூசினா எருமை மாதிரி மின்னும்."

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் ஹாரிஸைப் பார்த்தார். வண்டியிலிருந்து வடிக்கும் பழைய ஆயிலை கான்கிரீட் போடும் சென்ட்ரிங் பலகைக்குப் பூச ஆட்கள் வாங்கிப் போவார்கள். வேறு எதற்கும் ஆகாது. கையில் பட்டு நேரமானால் தோல் சிவந்து அரிக்கும், வெடிப்பில் இறங்கினால் எரியும். பதினைந்து வருஷமாக அந்த ஆயிலில் கை வைக்கிற ஹாரிஸுக்கு இது தெரியாதா? தெரியும். உடம்புக்கு ஆகாது என்று மெதுவாகச் சொல்லவும் செய்தான்.

பீட்டர் அவன் தோளில் கை போட்டு, "அரை மணி நேரந்தான்டா. ஒரே ஷாட். நம்ம ஊரு பேரு படத்துல வரப்போவுது, நீ போய் பேஜார் பண்ணிக்கினு," என்றான்.

தோளில் அந்தக் கை இருந்தது. ஹாரிஸ் பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் இரண்டு கேன் பழைய ஆயில் கொண்டுவந்து கொடுத்தான்.

அசிஸ்டெண்ட்டுகள் கையுறை மாட்டிக்கொண்டார்கள். துணியை ஆயிலில் முக்கி, சுவருக்கு வெள்ளை அடிப்பதுபோல முதுகிலும் நெஞ்சிலும் முகத்திலும் இழுத்தார்கள். பெண்களுக்குக் கையிலும் கழுத்திலும் காலிலும். கருகிய நாற்றம் கிளம்பியது. ஹாரிஸ் தன் கடையில் தினமும் முகர்கிற நாற்றம்தான், ஆனால் இப்போது மனுஷ உடம்பிலிருந்து வந்தது. அவன் போய் ரதத்தின் பக்கம் நின்றுகொண்டான்.

வரிசையில் நின்ற அங்கம்மாள் அவனைக் கூப்பிட்டாள். புறங்கையை மோந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"வண்டி ஆயில் நாத்தம் வருது. இது இன்னா பாய், உன் கடைல கீற ஆயிலா?"

"இல்லக்கா. மேக்கப்காரங்க எடுத்தாந்தது. ஒண்ணும் பண்ணாது," என்றான் ஹாரிஸ்.

அவன் சொன்னதை அவள் நம்பினாள். பக்கத்தில் தயங்கி நின்ற இரண்டு பெண்களிடமும், பாய் சொல்கிறார், ஒன்றும் ஆகாதாம் என்று சொன்னாள். அவர்களும் கையை நீட்டினார்கள்.

ஒரே ஷாட் என்றது பதினொரு ஷாட் ஆயிற்று. நாற்பது பேரும் கத்திக்கொண்டு ஓட வேண்டும். ரதம் பாய்ந்து வரும். அவர்கள் தடுக்கி விழுந்து மணலில் புரள வேண்டும். சித்திரை பிறக்கக்கூட இல்லை, மணல் அதற்குள் அடுப்பு போலக் கொதித்தது. ஆயில் பூசிய உடம்பில் அது அப்பிக்கொண்டது. எழுந்து தட்டினால் போகவில்லை, தேய்த்தால் தோல் உரிந்தது. மேலே மறுபடி ஆயில் பூசினார்கள்.

நாலாவது ஷாட்டில் ஃபேன் பெல்ட் அறுந்தது. ஹாரிஸ் பலகைக்குக் கீழே மல்லாந்து படுத்து ஏழு நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்தான். பீட்டர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இவன்தான் மெக்கானிக்," என்றான். ஹாரிஸுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. எதிரில் நாற்பது பேர் நிழலுக்கு இடமில்லாமல் மணலில் நின்றுகொண்டிருந்தபோது தனக்கு அப்படிக் குளிர்ந்ததைத்தான் பின்னால் அவனால் தாங்கவே முடியவில்லை.

மத்தியானம் பந்தலில் பிரியாணி. அரக்கர்கள் பந்தலுக்குள் வந்தால் நாற்காலியெல்லாம் ஆயில் ஆகிவிடும் என்று அவர்களுக்குப் பொட்டலத்தைத் தூரத்தில் ஒரு தார்ப்பாயின் மேல் வைத்துவிட்டார்கள். கை கழுவத் தண்ணீர் கேட்டதற்கு, கழுவினால் திரும்பப் பூசணும் என்று பதில் வந்தது. ஆயில் கையோடு சோற்றைப் பிசைய முடியாமல் சிலர் பொட்டலத்தில் வாயை வைத்துத் தின்றார்கள். பீட்டர் அதைத் தன் போனில் வீடியோ எடுத்தான்.

"பாருடா, மேக்கப்பே தேவல. இதுங்க பொறந்ததே அரக்கனாத்தான்," என்று ஹாரிஸிடம் போனை நீட்டினான்.

ஹாரிஸின் வாயில் பிரியாணி இருந்தது. விழுங்க முடியவில்லை. எழுந்து கரைப் பக்கம் போய்த் துப்பினான். ஐந்து வருஷமாக இந்த ஆளின் படத்தையா பார்த்துக்கொண்டு கடையைத் திறந்தோம் என்று நினைத்தான். அந்த நினைப்பு வந்த கையோடு, ஆயிலைக் கொடுத்தவன் பீட்டர் இல்லையே என்பதும் வந்தது.

ஒன்பதாவது ஷாட்டிலிருந்து பீட்டர் விளையாட ஆரம்பித்தான். ஏரியில் வளைவில் திருப்புவதுபோல பின்பக்கத்தை வீசி, விழுந்து கிடந்தவர்கள் மேல் மணலை வாரி அடித்தான். மானிட்டரில் அருமையாக இருக்கிறது, அப்படியே செய் என்றார் டைரக்டர். ஏரிக்கரையில் நின்று ஹாரிஸ் கைதட்டிய அதே திருப்பம்தான். பதினொன்றாவது ஷாட்டில் ரங்கன் எழுந்திருக்கவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டான். ஆயிலும் மணலும் சேர்ந்து கண்ணுக்குள் போயிருந்தது. ஆயில் கையால் கசக்கக் கசக்க இன்னும் உள்ளே போயிற்று. அவன் கத்தவில்லை. தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

அங்கம்மாள் தண்ணீர் தண்ணீர் என்று ஓடிவந்தாள். இன்னும் ஒரே ஷாட், அவரை மட்டும் ஓரமாக உட்கார வை என்றார் மேனேஜர். ரதம் திரும்பி நின்றது. அப்போது இன்ஜின் சூடேறி நின்றுபோயிற்று. பீட்டர் ஹாரிஸைக் கூப்பிட்டான்.

ஹாரிஸ் பந்தலுக்குப் போய் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ரங்கனிடம் போனான். தலையைச் சாய்த்துப் பிடித்துக் கண்ணில் ஊற்றினான். பின்னால் பீட்டர் கத்துவது கேட்டது.

"டேய், வண்டிய பாருடா மொதல்ல."

"நான் தொட மாட்டேன்," என்றான் ஹாரிஸ். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பீட்டர் வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தான். உன்னை மனுஷனாக மதித்துக் கூட்டிவந்தேன், நீ போய் இதுகளோடு உட்கார்ந்திருக்கிறாய் என்றான். இன்னும் என்னென்னவோ சொன்னான். ஹாரிஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான். பிறகு ரங்கனை பைக்கில் நடுவில் உட்காரவைத்து, அங்கம்மாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு விட்டான். அவன் சட்டை முழுக்க ஆயில் ஆயிற்று. வழியெல்லாம் ரங்கனின் கன்னம் அவன் முதுகில் சூடாக ஒட்டியிருந்தது.

கருவிழியில் புண், கெமிக்கல் எரிச்சல் வேறு என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். என்ன பட்டது என்று கேட்டார். மேக்கப் மை என்றாள் அங்கம்மாள். ஹாரிஸ் பக்கத்திலேயே நின்றான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாஹிராவிடம் சொன்னான். பொய் சொன்னதையும் சொன்னான். அவள் ஆயில் படிந்த அவன் சட்டையை வாங்கி வாளியில் போட்டாள். பிறகு, "என்ன பட்டுச்சுன்னு தெரியாம டாக்டர் என்ன மருந்து போடுவாரு? போய்ச் சொல்லிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னாள். கடைத்தெருவில் தேங்காயெண்ணெயும் கடலை மாவும் வாங்கி ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். ஆயிலை எடுக்க அதுதான் தோதானது என்று அவனே அவளுக்கு எப்போதோ சொல்லியிருந்தான்.

அவன் குடியிருப்புக்குப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கம்பெனிக்காரர்கள் ஆட்களைக் கரையில் இறக்கிவிட்டு, கழுவிக்கொள்ள டீசல் கொடுத்திருந்தார்கள். பெண்களின் கைகளில் கொப்புளம் கிளம்பியிருந்தது. பையை அவர்களிடம் கொடுத்துவிட்டு ஹாரிஸ் சொன்னான், அது தன் கடை ஆயில் என்று. யாரும் அவனைத் திட்டவில்லை. ஒரு பெண் மட்டும் எண்ணெய்ப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அங்கிருந்து அவன் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடமும் சொன்னான்.

இருளர் சங்கத்துக்காரர்கள் வந்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்க வைத்தார்கள். ஷூட்டிங் நின்றது. தாலுக்கா ஆபீஸில் விசாரணை நடந்தபோது படக் கம்பெனி ஆள், பூசியது உடம்புக்குக் கெடுதல் இல்லாத சாயம் என்று எழுதிக் கொடுத்தார். பீட்டரும் அதையே சொன்னான். ஹாரிஸ் எழுந்து, அது தன் கடையில் வடித்த பழைய ஆயில், கெடுதல் என்று தெரிந்தே கொடுத்தேன், கேட்டபோது பொய்யும் சொன்னேன் என்றான். உன் பேரிலும் கேஸ் வரும், தெரிந்துதான் சொல்கிறாயா என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். வந்தது. கேஸ் இன்னும் நடக்கிறது. ரங்கனின் வலது கண்ணில் புகை மாதிரி ஒரு படலம் நின்றுவிட்டது. வெயிலில் அவனால் மரம் வெட்ட முடிவதில்லை.

விசாரணை முடிந்த அன்று வெளியே வேப்பமரத்தடியில் அங்கம்மாள் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். ஹாரிஸ் போய்ப் பக்கத்தில் நின்றான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"இங்க சொன்னியே பாய், அத அன்னிக்கே ஆத்துல சொல்லியிருந்தா நாங்க வூட்டுக்குப் போயிருப்போம். நான்தான் அந்தப் பொண்ணுங்கள நம்ப வெச்சேன். இப்போ அதுங்க மூஞ்சில நான் எப்படி முயிப்பேன்?"

வாலாஜாபாத் பஸ் வந்தது. கூட்டத்தில் அவள் முண்டியடித்து ஏறி, உள்ளே ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. புறங்கையில் தோல் உரிந்த இடம் வெளுத்திருந்தது. பஸ் திரும்பும்வரை அவன் அங்கேயே நின்றான்.