சிவப்பு எழுத்து

அந்தப் பிழைச்செய்தி பச்சைப் பொய் என்று அவளுக்கு ஆறு மாதமாகத் தெரியும். கோப்புகளின் பழைய வடிவங்களைக் காத்துவைக்கும் மென்பொருளை அவள்தான் பராமரித்தாள். இணையம் நடுவில் அறுந்தால், "சேமிப்பு அழிந்துவிட்டது" என்று அது சிவப்பு எழுத்தில் அலறும். உண்மையில் அவரவர் கணினிக்குள் எல்லாம் பத்திரமாக இருக்கும். யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று அவளும் நாளைக் கடத்திவந்தாள்.

ஒரு காலை, கணக்கு வாத்தியார் ஒருவர் போன் செய்தார். இறந்துபோன மனைவி எழுதிவந்த பாடநூலை அதில் வைத்திருந்தாராம். சர்வருக்கு அனுப்பும்போது அந்தச் செய்தி வந்ததாம். மனம் வெறுத்து, கணினியில் இருந்த மொத்தத்தையும் தானே நீக்கிவிட்டாராம்.

சர்வரில் தேடினாள். முதல் இரண்டு அத்தியாயங்கள்தான் கிடைத்தன.

"சார், அன்னிக்கு அது அழியவே இல்ல. அந்த மெசேஜ்தான் தப்பு."

"அப்போ நான்தான் அழிச்சிட்டேனாம்மா?"

"இல்ல சார். தப்புன்னு எனக்கு முன்னாடியே தெரியும். நான்தான் சரி பண்ணாம விட்டுட்டேன்."

"கடைசி அத்தியாயத்தை ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே எழுதினா," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

இணைப்பு அறுந்தால் அந்தச் செய்தி வராதபடி செய்ய நான்கு வரிகள் போதுமாயிருந்தன. மதியத்துக்குள் முடித்துவிட்டாள்.

"அப்பாடா, ஒருவழியா அதோட வாயை அடைச்சிட்டீங்களேக்கா!" என்று பக்கத்து இருக்கைக்காரன் சிரித்தான்.

அவள் எழுந்து, மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள்.