துவைத்து உலர்த்தும் யந்திரமும் துவைக்காத எட்மண்டும்

1

தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோது இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. முன்னறையில், ரேடியோவுக்குப் பக்கத்தில், ஒரு சலவை யந்திரம் நின்றது. அதன்மேல் பூத்தையல் போட்ட விரிப்பு. விரிப்பின்மேல் பிளாஸ்டிக் ரோஜா வைத்த ஜாடி. நான் அதையே பார்ப்பதைக் கவனித்த வீட்டுக்கார அம்மா, "அதுவா? அது அவர் வாங்கினது" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனார். அவருடைய முன்கைகள் முழங்கைவரை ஈரமாக இருந்தன.

உண்மை அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கற்பனை. அந்த அம்மா இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டு யந்திரத்தை மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். கணவரை நானே செய்துகொண்டேன். (அவர் உங்கள் கணவர் மாதிரியே இருந்தால் அது தாம்பரத்தின் குற்றம்.)

நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். என் தம்பதிகள் இரண்டாம் பக்கத்தில் பிணங்குவார்கள், கடைசிப் பத்தியில் சேர்ந்துவிடுவார்கள். நடுவில் அவர்கள் கட்டியிருந்த துணியை யார் துவைத்தது என்று எந்த வாசகரும் இதுவரை கேட்டதில்லை.

2

முதல் தொடக்கம்: "தாம்பரத்தின் மேல் வானம் கருத்துக்கொண்டு வந்தது. கிருபாவின் விழிகளும் அதேபோல…"

வேண்டாம். வானம் கருத்தால் கிருபாவுக்கு விழி ஞாபகம் வராது. ஈரத்துணி ஞாபகம்தான் வரும்.

இரண்டாம் தொடக்கம்: "எட்மண்ட் நல்லவன்."

இதையும் அடித்துவிட்டேன். ஒருவனை நல்லவன் என்று ஆரம்பித்தால், அப்படி என்னதான் செய்துவிட்டான் என்று நீங்கள் அடுத்த வரியிலேயே சந்தேகப்படுவீர்கள். சந்தேகம் சரிதான், ஆனால் அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

மூன்றாம் தொடக்கம், அலங்காரமில்லாமல்: எழுபத்து நாலாம் வருஷம், மேற்குத் தாம்பரத்தில் கிருபாவும் எட்மண்டும் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தார்கள். ஓர் அறை, ஒரு சமையலறை, கிணற்றடிக்குப் போக ஒரு சந்து. மாடியில் வீட்டுச் சொந்தக்காரி ரத்தினபாய். மொட்டை மாடியும் அவளுடையது. கீழ்வீட்டுத் துணி மாடிக்கு வரக் கூடாது என்பது குடிவந்த அன்றே அறிவிக்கப்பட்ட சட்டம். ஏன் என்று கிருபா கேட்டதற்கு, வற்றல் காயப் போட்டிருப்பதாக ரத்தினபாய் சொன்னாள். அந்த வற்றல் வருஷம் முழுக்கக் காய்ந்தது. அதனால் துணிகள் அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காய்ந்தன. எட்மண்ட் தன் வேட்டிக்கு அடியில் குனிந்துதான் தன் கட்டிலுக்குப் போக வேண்டும்.

[* தாம்பரத்து வெயிலில் துணி உலர்த்த யந்திரம் எதற்கு என்று கேட்கிறவர்கள் சொந்த மொட்டை மாடி உள்ளவர்கள். அவர்களுக்காக நான் இந்தக் கதையை எழுதவில்லை. சலவைக்குப் போடலாமே என்பவர்களுக்கு: காலருக்குள் சலவைக்காரர் மையால் வைக்கும் குறி எட்மண்டுக்கு ஆகாது. சட்டை அவனுடையது என்பது அவனுக்கே தெரியுமாம்.]

3

இனி என்ன போராட்டம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கிருபா பி.ஏ. படித்தவள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூலையில் ஒரு திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம். அன்று போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். எட்மண்ட் தடை சொல்லவில்லை. தடை சொல்லும் கணவர்கள் எல்லாம் அந்தக் காலத்துக் கதைகளோடு போய்விட்டார்கள். இவன் சம்மதித்த கணவன். சமையலை விடியலிலேயே முடித்துவிடுவதாக அவள் சொன்னாள், தலையாட்டினான். வீடு பெருக்குவதை இரவுக்கு மாற்றிக்கொள்வதாகச் சொன்னாள், அதற்கும் தலையாட்டினான்.

"எல்லாம் சரி, இந்தத் துணி?" என்றான். "அதுக்கு ஒரு வழி பண்ணிட்டா நீ தாராளமா போ."

வழி அவனே கண்டுபிடித்தான். துவைத்து உலர்த்துகிற யந்திரம் ஒன்று, சின்ன வீட்டில் அடங்குகிற மாதிரி, நம்பகமானதாக. அது உழைத்தால் கிருபா ஆசிரியை. உழைக்காவிட்டால் கிருபா…

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அவளும் முடிக்காமல்தான் வைத்திருந்தாள்.)

4

நம்பகமான சலவை யந்திரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? யாரிடம் கேட்பது? எட்மண்ட் தாம்பரத்திலிருந்து பீச்சுக்குப் போகும் மின்சார ரயிலில் கேட்டான். அந்தப் பெட்டியில் தினமும் ஒரே இடத்தில் உட்காரும் சீசன் டிக்கெட்காரர்கள் இருந்தார்கள். ஒருவரும் தம் கைக்குட்டையைக்கூடத் தாமே அலசியவர் இல்லை. ஆகவே அவர்களுடைய கருத்துகள் மிகத் தெளிவாக இருந்தன. பல்லாவரம் தாண்டுவதற்குள் வோல்டேஜைப் பற்றிப் பேசினார்கள், கிண்டி வருவதற்குள் நுரையைப் பற்றி.

விற்பனைக்கு இருந்தவை இரண்டு. பல்லாவரத்தில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவர்களிடம் இருந்தது சீமைச் சரக்கு. முகத்தில் வட்டக் கண்ணாடிக் கதவு. ஒரே தொட்டியில் துவைத்து, அதிலேயே சூடான காற்று விட்டு உலர்த்தும். பம்மலில் ஒரு தோல் கம்பெனி மானேஜர் வீட்டில் இருந்தது வேறு ஜாதி. அடுத்தடுத்து இரண்டு தொட்டிகள்: ஒன்றில் துவைக்க வேண்டும், எடுத்து மற்றதில் போட்டால் அது சுழற்றிப் பிழிந்து தரும்.

கிருபா எட்மண்டோடு இரண்டையும் போய்ப் பார்த்தாள். பல்லாவரத்து யந்திரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டும், அதுவும் வேகமாக. பம்மல் யந்திரத்தில் கிணற்றுத் தண்ணீரை வாளியால் ஊற்றினாலே போதும். பிழிகிற பக்கம் கெட்டாலும் துவைக்கிற பக்கம் ஓடும். வழியில் பஸ்ஸிலேயே இதை எட்மண்டிடம் சொன்னாள். பார்க்கலாம் என்றான். அடுத்த நாள் ரயிலில் பார்த்தான்.

தீர்ப்பு சொன்னவர் சம்பத், துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்.

"ரெண்டு தொட்டின்னா ரெண்டு பேஜாரு சார். ஒரே தொட்டின்னா ஒரு பேஜாரோட போச்சு. இதுல யோசிக்க இன்னா கீது?"

எட்மண்டுக்கு அது வேதவாக்காகப் பட்டது. பல்லாவரத்து யந்திரம் மாட்டுவண்டியில் தாம்பரம் வந்தது.

5

இந்த இடத்தில் எனக்குக் கிருபாமேல் சந்தேகம் வந்துவிட்டது. இவள் ஏன் ஒரு பாத்திரத்தையாவது தரையில் போடவில்லை? என் மற்றக் கதாநாயகிகள் இதற்குள் அம்மா வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

போட வைத்துப் பார்த்தேன்: "கிருபா கையிலிருந்த தம்ளர் நழுவி…" அவள் அதைப் பிடித்துவிட்டாள். நெளிந்தால் ஒடுக்கெடுக்கவும் அவள்தான் போக வேண்டும். மிஷன் ஹாஸ்டலில் வளர்ந்தவள் கத்தமாட்டாள், கணக்குப் போடுவாள். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. யந்திரம் எதுவானால் என்ன, ஓடினால் போதும் என்று விட்டுவிட்டாள்.

ஓட வேண்டுமானால் குழாய் வேண்டும். குழாய் வேண்டுமானால் மாடித் தொட்டி வேண்டும். மாடித் தொட்டி ரத்தினபாயுடையது. எட்மண்ட் மேலே போய்ப் பேசிவிட்டு, மலர்ந்த முகத்தோடு இறங்கி வந்தான். அக்கா மறுபேச்சில்லாமல் தண்ணீர் தர ஒத்துக்கொண்டாளாம். அவள் வீட்டுப் படுக்கை விரிப்புகளையும் ஜன்னல் சீலைகளையும் மட்டும் யந்திரத்தில் போட்டுக் கொடுத்தால் போதுமாம். யந்திரம்தானே செய்யப்போகிறது, உனக்கு என்ன கஷ்டம் என்று கிருபாவிடம் கேட்டான்.

முதல் வெள்ளோட்டத்தில் யந்திரம் நன்றாகவே ஓடியது என்று சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆறு சட்டைகளை உள்ளே வாங்கிக்கொண்டு, துவைத்து, சூடேற்றி, அரைக் காலைப் பொழுதைச் செலவழித்து உலர்த்தியும் தந்தது. பக்கத்திலேயே ஓர் ஆள் நின்று, தண்ணீர் வேகம் குறைந்தால் குழாயைத் திருகவும், வோல்டேஜ் இறங்கி விளக்கு மங்கினால் சுவிட்சை அணைக்கவும் வேண்டும். அந்த ஆள் யார் என்று ரயிலில் யாரும் கேட்டிருக்கவில்லை.

6

புதிதாக எது வந்தாலும் ஜெபித்துத் தொடங்குவது எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வழக்கம். கட்டிலுக்கும் சைக்கிளுக்கும் ஜெபித்திருக்கும்போது சீமை யந்திரத்துக்கு இல்லாமலா? சனிக்கிழமை சாயங்காலம் சபைப் பாதிரியாரான ஐயர் வந்தார். பாடகர் குழுவிலிருந்து ஞானஜோதி அக்காவும் இன்னும் சிலரும் வந்தார்கள். தலைக்கு மேலே ஈரக்கொடி, அடியில் எல்லோரும் குனிந்த தலையோடு. ஜெபிக்காவிட்டாலும் அந்த அறையில் தலை குனிந்துதான் இருக்க முடியும்.

ஐயர் நல்ல மனிதர். ஒரே குறை, எந்த ஜெபத்தையும் சின்னதாக முடிக்க அவருக்குத் தெரியாது. வீட்டில் தொடங்கி ஊருக்குப் போய், ஊரிலிருந்து உலகத்துக்குப் போய்விடுவார்.

"ஆண்டவரே, உமது பிள்ளைகளுக்கு நீர் ஈவாய்த் தந்த இந்த யந்திரம் இவர்களுக்கு மாத்திரமல்ல, உம்முடைய சபை முழுமைக்கும் ஆசீர்வாதமாய் விளங்கக் கிருபை செய்யும்."

"ஆமென்" என்றான் எட்மண்ட். கண்ணை மூடி, மனப்பூர்வமாக, எல்லோரையும்விடச் சத்தமாக.

கிருபா கண்ணைத் திறந்துவிட்டாள்.

காப்பி கைமாறிக்கொண்டிருக்கும்போதே ஞானஜோதி அக்கா, ஐயர் ஜெபத்திலேயே சொல்லிவிட்டதால், தான் தனியாகக் கேட்கத் தேவையில்லை என்று சொல்லிக் கேட்டாள். பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகள் மாதக்கணக்காகச் சரியாக வெளுக்கவில்லை. எட்மண்ட் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் ஐயர் முன்னால், ஆமென் சொன்ன வாய் காய்வதற்குள், மாட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

"தாராளமா அனுப்புங்க அக்கா. நம்ம வீட்டு மெஷின்தானே."

7

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், பாடி வியர்த்த அங்கிகள் ஒரு பெரிய மூட்டையாக வந்தன. மத்தியானம் மாடியிலிருந்து ஜன்னல் சீலைகள் இறங்கின. எட்மண்டின் வாரச் சட்டைகள் ஏற்கனவே மூலையில் கிடந்தன. இரவெல்லாம் விளக்கு மங்கலாகவே எரிந்தது. யந்திரம் முனகுவதோடு சரி, சுற்றவில்லை. அடுத்த ஞாயிறு ஆத்தும அறுவடைப் பண்டிகை, பேராயர் வருகிறார், அங்கிகளைச் செவ்வாய்க்கிழமைக்குள் தந்தால்தான் இஸ்திரி போட முடியும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை. கிருபா சமையலை முடித்து, குளித்து, வெளிர் நீலப் புடவை கட்டி, கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. கரண்ட் நல்ல கரண்ட்.

எட்மண்ட் அந்த வெளிச்சத்தைப் பார்த்தான், மூட்டையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"கிருபா, இன்னிக்கு ஒரு நாள்… இதை முடிச்சுக் குடுத்துட்டு நாளைக்குச் சேந்துக்கக் கூடாதா? பிரின்சிபால்கிட்ட நான் வந்து பேசறேன். சபைக்கு வாக்குக் குடுத்தாச்சே."

கிருபா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஆமென் சொன்னது நீங்க."

8

இதற்குமேல் எழுத என்னால் ஆனமட்டும் முயன்றேன்.

ஒரு முடிவில் எட்மண்ட் மனம் மாறி, ஆபீசுக்கு லீவு போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறான். பத்திரிகை ஆசிரியருக்கு இது பிடிக்கும். இருவரும் வாசலில் கட்டிக்கொள்ளட்டும் என்றும் சொல்வார். கட்டிக்கொள்ள வைத்தேன். நடுவில் அந்த மூட்டை இருந்தது.

இன்னொரு முடிவில் கிருபா படியிறங்கித் தெருமுனை வரை போகிறாள். பின்னால் ரத்தினபாய் மாடியிலிருந்து குனிந்து, கர்த்தருடைய காரியத்தை விட்டுவிட்டு எங்கே கிளம்பிவிட்டாள் என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்கிறாள். கிருபாவின் கால் ஒரு கணம்…

மூன்றாவதில் அவள் செருப்பைக் கழற்றிவிடுகிறாள். இதை எழுதத்தான் எனக்கு நேரமே பிடிக்கவில்லை. பேனா தானாக ஓடியது. அதனாலேயே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஆகவே கிருபாவை வாசற்படியில் நிறுத்திவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கல்லூரிக்குப் போகும் ரயில் வர இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. முடிவை எழுதும் உரிமையைத் தருகிறேன், ஆனால் உங்களுக்கு அல்ல. நீங்கள் நாற்காலியில் சாய்ந்து இந்தக் கதையை வாசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டில் உங்கள் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தது யாரோ, அவரைக் கூப்பிடுங்கள். கையைத் துடைத்துக்கொள்ள ஒரு துண்டு கொடுங்கள். பேனாவை அவரிடம் கொடுத்துவிட்டு, மிச்சத் துணியை நீங்கள் போய் அலசுங்கள்.