நாளுக்கு அறுபது குடை

பாங்க் அதிகாரி கடைசி அடுக்கை எண்ணி முடித்தபோது கிடங்கின் தகரக் கூரை சுடத் தொடங்கியிருந்தது.

"பதினாலாயிரம். சரக்கு சரியாத்தான் இருக்கு சார், வானந்தான் சரியில்லை" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கடன் லிமிட் முடிஞ்சிடுச்சு. இதுல பாதியாவது போற வரைக்கும் புதுசாப் பணம் கிடையாது" என்றார்.

அவர் போனதிலிருந்து முதலாளி வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் மேலே பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை.

குடை விற்பது மழைக்காலத்து மூன்று மாதம்தான். அப்போதே தைத்து அப்போதே விற்க முப்பது பேர் வேண்டும். மூன்று மாதத்துக்கு மட்டும் முப்பது பேர் எங்கே கிடைப்பார்கள்? அதனால் எட்டுப் பேரை வைத்து ஆண்டு முழுவதும் நாளுக்கு அறுபது. கைகள் ஓய்வதில்லை, அவசரமும் இல்லை. ஆனால் தைத்த குடை விற்கும்வரை பாங்க் பணத்தில் தூங்கும். சும்மாவும் தூங்காது, குடைக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி தின்னும். ஒரு குடையில் லாபமே பதினைந்துதான். பின்சுவரோரம் இருப்பவை பத்து மாதக் குடைகள்.

"திங்கட்கிழமையிலேர்ந்து மெஷினை நிறுத்திடலாம். எல்லார்கிட்டயும் நீ சொல்லிடுக்கா."

துணி வெட்டிக்கொண்டிருந்த அவருடைய அக்கா கத்தரியைக் கீழே வைக்கவில்லை. "போன தடவை நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டது போதும். இந்தத் தடவை நீயே சொல்லு."

போன தடவை என்பது மூன்று வருடத்துக்கு முன்னால். இரண்டு மாதம் நிறுத்தியதில் எல்லாரும் பை கம்பெனிக்குப் போனார்கள். மழை வந்தபோது திரும்பியவர்கள் இரண்டே பேர். அவரே மெஷினில் உட்கார்ந்து தைத்த இருநூறு குடைகளும் ஒழுகுகின்றன என்று திரும்பி வந்தன.

சனிக்கிழமை பிற்பகல்களில் தையல் இல்லை. மடித்தே கிடந்தால் துணி ஒட்டிக்கொள்ளும், கம்பி இறுகிவிடும். அதனால் எட்டுப் பேரும் ஒரு வரிசையை எடுத்து விரித்து, உதறி, மடித்து வைப்பார்கள். அந்தச் சனிக்கிழமை அவர் நுழைந்தபோது கிடங்கு முழுக்கக் கறுப்பாக விரிந்து கிடந்தது.

"என்ன முதலாளி, உள்ள மழை பெய்யுதான்னு பாக்க வந்தீங்களா?" என்றாள் கண்ணாடிக்காரம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

அவளே தொடர்ந்தாள். "பை கம்பெனிக்காரன் போன வாரம் வந்திருந்தான். ஆள் வேணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? இங்கதான் மெஷின் ஓடுதேன்னோம்."

யாரும் அவரைப் பார்க்கவில்லை. கைகள் மட்டும் வேலை செய்தன. அவர் திங்கட்கிழமைப் பேச்சை எடுக்கவில்லை. பின்சுவரோரம் போய் ஒரு குடையை உருவினார். அதில் கட்டியிருந்த சீட்டில் பத்து மாதத்துக்கு முந்தைய தேதி, அவர் கையெழுத்து. விரிக்கப் பார்த்தார், திறக்கவில்லை. இன்னும் அழுத்தினார். டப்பென்று விரிந்து தூசு கொட்டியது.

கூரை ஓட்டை வழியே விழுந்த வெயில், குடைத்துணியின் நடுவில் ஒரு காசளவு வட்டமாக நின்றது. அவர் குடையை மடிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.